இன்ஜின் விடும் மூச்சில் ஆயில்: கிராங்க் கேஸ் புகையை வடிகட்டுவது ஏன் இவ்வளவு கடினம்?

கொஞ்ச காலம் ஓடிய டர்போ கார் ஒன்றில், ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். விரலில் ஆயில் ஒட்டும். இதைப் பார்த்ததும் டர்போவின் சீல் போய்விட்டது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலான நேரம் டர்போ எந்தத் தவறும் செய்திருக்காது. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து மேலே வரும் புகை தன்னோடு சுமந்து வந்த ஆயில்தான் அது. அந்தப் புகையை வெளியே விடக் கூடாது, உள்ளேயே அடைத்து வைக்கவும் முடியாது. அதனால் இன்ஜின் காற்றை இழுக்கும் வழியான இன்டேக் வழியாக இன்ஜினுக்கே திருப்பிக் கொடுத்து எரித்துவிடுகிறோம். கொடுப்பதற்கு முன் அதிலுள்ள ஆயிலை எவ்வளவு பிரித்தெடுக்க முடிகிறது என்பதில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது.

புகை எங்கிருந்து வருகிறது? பிஸ்டன் ரிங் முழு வட்டம் கிடையாது. சூட்டில் விரிவதற்காக அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி விட்டிருப்பார்கள். மேலே எரிபொருள் வெடித்து அழுத்தம் ஏறும்போது, அந்த இடைவெளி வழியாகவும் ரிங்கின் ஓரங்கள் வழியாகவும் கொஞ்சம் வாயு கீழே நழுவிவிடுகிறது. இதை புளோபை என்பார்கள். புத்தம் புது இன்ஜினிலும் இது உண்டு. ஐட்லிங்கில் சில லிட்டர், முழு லோடில் நிமிடத்துக்குப் பத்துக்கணக்கான லிட்டர் என்று ஓடும். ரிங்கும் சிலிண்டரும் தேயத் தேய இது கூடிக்கொண்டே போகும்.

நழுவி வரும் வாயுவில் எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள், கரி, நீராவி எல்லாம் கலந்திருக்கும். நீராவியைக் குறைத்து எண்ண வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. அதில் ஏறக்குறைய எல்லாமே சைலன்சர் வழியாகப் போய்விடும் என்றாலும், கீழே வரும் சிறு பங்கே ஆயிலைக் கெடுக்கப் போதும். தண்ணீரும் அமிலமும் எரியாத பெட்ரோலும் ஆயிலோடு சேர்ந்து நாளடைவில் சேறாகப் படியும். வாயுவுக்குப் போக வழி இல்லையென்றால் அழுத்தம் ஏறி, கிராங்க் ஷாஃப்ட் சீலையும் டேப்பட் கவர் காஸ்கெட்டையும் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். ஆகவே இன்ஜின் மூச்சுவிட்டே ஆக வேண்டும்.

ஆரம்பகாலக் கார்களில் இதற்குச் சுலபமான வழி வைத்திருந்தார்கள். கிராங்க் கேஸிலிருந்து ஒரு குழாய் நேரே ரோட்டைப் பார்த்துத் தொங்கும். கார் ஓடும்போது அடியில் விரையும் காற்று புகையை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். 1950களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய புகைமூட்டம், வண்டிகளிலிருந்து வரும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்து உண்டாவது என்று வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் காட்டினார். கார் வெளியிடும் ஹைட்ரோகார்பனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தத் தொங்கும் குழாய் வழியாகத்தான் போகிறது என்பதும் தெரியவந்தது. 1961 மாடல் கார்களிலிருந்து கலிஃபோர்னியாவில், இந்தப் புகையை இன்டேக்குக்கே திருப்பி அனுப்பும் பிசிவி வால்வு வந்தது. 1963 வாக்கில் அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது. காரில் பொருத்தப்பட்ட முதல் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி இதுதான் என்று சொல்லலாம். காட்டலிட்டிக் கன்வர்ட்டரெல்லாம் ரொம்பப் பிறகு வந்தவை.

பிசிவி வால்வு பார்க்கச் சின்னதாக இருந்தாலும் அதன் வேலை நுட்பமானது. ஐட்லிங்கில் த்ராட்டில் மூடியிருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பங்கிடும் மேனிஃபோல்டில் வேக்கம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, பலமாக இருக்கும், ஆனால் புளோபை குறைவு. அப்போது உள்ளே இருக்கும் முளை இழுபட்டு வழியைச் சுருக்கிவிடும். த்ராட்டில் திறந்து வேக்கம் தளர்ந்தால் ஸ்பிரிங் அதைத் தள்ளி வழியை அகலமாக்கும். மேனிஃபோல்டில் பேக்ஃபயர் நடந்தால் வால்வு முழுவதும் மூடிக்கொள்ளும். தீ கிராங்க் கேஸுக்குள் போகாது. டர்போ இன்ஜினில் இன்னொரு சிக்கல் உண்டு. பூஸ்ட் ஏறும்போது மேனிஃபோல்டில் வேக்கம் போய் அழுத்தம் வந்துவிடுவதால் அந்த வழி அடைபட வேண்டும். புகை டர்போவுக்கு முன்னால் இருக்கும் ஹோஸ் வழியாகப் போக வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் விரலில் ஒட்டிய ஆயில் வந்த வழி அதுதான்.

பிசிவி வந்தபோது கவலை எல்லாம் ஹைட்ரோகார்பன் பற்றித்தான். புகையில் மிதக்கும் ஆயில் துளிகள், அதாவது ஆயில் பனி, கொஞ்சம் இன்டேக்குக்குப் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். கார்புரேட்டரிலோ போர்ட் இன்ஜெக்‌ஷனிலோ பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் பட்டுத்தான் உள்ளே போகும். அது படிவதைக் கழுவிக்கொண்டே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வந்ததும் அந்தக் கழுவல் நின்றுபோனது. பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால், இன்டேக் வால்வின் மேல் படும் ஆயில் அந்தச் சூட்டில் வெந்து கரியாகக் கெட்டிப்படுகிறது. அதை எடுக்க இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு பீய்ச்சிச் சுரண்ட வேண்டியிருக்கிறது. டொயோட்டாவின் டி-4எஸ் போன்ற அமைப்புகளில் டைரக்ட் இன்ஜெக்டரோடு போர்ட் இன்ஜெக்டரையும் வைத்திருக்கிறார்கள். அதனால் வால்வு கழுவப்படுவதும் நடந்துவிடுகிறது.

வால்வோடு தொல்லை முடிவதில்லை. ஆயில் பனி கலந்த காற்றுக்கு நாக்கிங், அதாவது எரிபொருள் தானாகவே வெடித்து இன்ஜின் தட்டுவது, வரும் வாய்ப்பு அதிகம். இன்டர்கூலருக்குள் ஆயில் படலம் படிந்தால் சூட்டைக் கடத்தும் திறன் குறையும். டீசல் இன்ஜினில், எரிந்த வாயுவில் ஒரு பங்கை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் இஜிஆர் வழியாக வரும் கரிப்பொடி இந்த ஆயிலில் ஒட்டி, இன்டேக் மேனிஃபோல்டின் வழியே பாதியாகச் சுருங்கும் அளவுக்குத் தார்போலப் படியும். ஆயிலில் சேர்த்திருக்கும் பாஸ்பரஸ் காட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். கால்சியம், துத்தநாகம் போன்றவை எரிந்து மிஞ்சும் சாம்பல் டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டரில் போய்த் தங்கிவிடும். கரியை எரித்து ஃபில்டரைச் சுத்தமாக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது.

துளியின் அளவுதான் எல்லாமே

இதையெல்லாம் படித்தால், வழியில் ஒரு ஃபில்டர் வைத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். துளிகளின் அளவைப் பார்த்தால்தான் அது ஏன் அவ்வளவு சுலபமில்லை என்று புரியும்.

கிராங்க் கேஸில் ஆயில் துளி பல விதமாகப் பிறக்கிறது. சுழலும் கிராங்க் ஷாஃப்டும் கனெக்டிங் ராடின் பேரிங்கும் ஆயிலை வீசியடிக்கின்றன. அதில் வருபவை பெரிய துளிகள், பல மைக்ரான் அளவுள்ளவை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ரிங் இடுக்கில் வேகமாகப் பாயும் வாயு, சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கிழித்துக் கொஞ்சம் சிறிய துளிகளாக ஆக்குகிறது. மூன்றாவது வகை வேறு. பிஸ்டனின் சூடான அடிப்பகுதியில் படும் ஆயில் ஆவியாகி, சற்றுக் குளிர்ந்த இடத்துக்கு வந்ததும் மறுபடி திரவமாகித் துளியாகிறது. இந்தத் துளிகள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. அதனால்தான் ஆவியை வடிகட்டுவது என்று பொதுவாகப் பேசினாலும் நாம் பிடிக்கப் பார்ப்பது பெரும்பாலும் துளிகளைத்தான். உண்மையிலேயே ஆவியாக இருக்கும் ஆயிலை எந்த ஃபில்டரும் பிடிக்காது. அது குளிர்ந்து துளியான பிறகுதான் கைக்குச் சிக்கும்.

பெரிய துளியைப் பிடிப்பது எளிது. வாயு போகும் வழியைச் சட்டென்று வளைத்தால் போதும். வளைவில் பஸ் வேகமாகத் திரும்பும்போது நிற்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள் அல்லவா, அதுபோல எடையுள்ள துளி திரும்ப முடியாமல் சுவரில் போய் மோதி ஒட்டிக்கொள்ளும். டேப்பட் கவருக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. சைக்ளோன் பிரிப்பான் வாயுவைச் சுழலவிட்டு இன்னும் கொஞ்சம் சிறிய துளிகளையும் சுவருக்குத் தள்ளுகிறது. ஆனால் ஒரு மைக்ரானுக்குக் கீழே வந்துவிட்டால் துளிக்கு எடை என்று எதுவும் இல்லை; வாயு எங்கே திரும்புகிறதோ அதுவும் அங்கேயே திரும்பிவிடும்.

மிக மிகச் சிறிய துளிகளுக்கு இன்னொரு குணம் உண்டு. வாயு மூலக்கூறுகள் இடித்து இடித்து அவற்றை அங்குமிங்கும் அலைக்கழிப்பதால், இழைகள் நிறைந்த ஃபில்டரில் தாமாகவே போய் ஒட்டிக்கொள்கின்றன. ஆக, பெரியதும் மாட்டுகிறது, மிகச் சிறியதும் மாட்டுகிறது. நடுவில், சுமார் 0.2 முதல் 0.3 மைக்ரான் வரை உள்ளவைதான் தப்பிப்பதில் கில்லாடிகள். மோதும் அளவுக்கு எடையும் இல்லை, அலையும் அளவுக்குச் சிறியதும் இல்லை.

இங்கே ஒரு கணக்கு பார்க்க வேண்டும், ஏனென்றால் விளம்பரங்கள் இதில்தான் நம்மை ஏமாற்றுகின்றன. துளியின் எடை அதன் விட்டத்தின் மும்மடியாக ஏறும்: விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு. 10 மைக்ரான் துளி ஒன்றின் எடையும் அரை மைக்ரான் துளிகள் 8,000 சேர்ந்த எடையும் ஒன்று. எனவே எடைக் கணக்கில் 90 சதவீதம் ஆயிலைப் பிடித்துவிட்டேன் என்று ஒரு பிரிப்பான் பெருமை கொள்ளும்போது, எண்ணிக்கையில் பெரும்பாலான துளிகள் அதைத் தாண்டிப் போயிருக்கலாம். எந்த அளவுத் துளிகளில் எத்தனை சதவீதம் என்று சொல்லாத எண்ணுக்குப் பொருளே இல்லை.

இன்றைய கார்களில் டேப்பட் கவரோடு சேர்ந்தே வரும் பிளாஸ்டிக் பிரிப்பானைப் பிளந்து பார்த்தால் வேலை எப்படி நடக்கிறது என்று தெரியும். தகட்டில் சில மில்லிமீட்டர் அகலத் துளைகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு நேரெதிரே, மிக அருகில், ஒரு சுவர். சிலவற்றில் சுவரின் மேல் மெல்லிய கம்பளி போன்ற செயற்கை இழைத் துணி. வாயு துளைகளில் நுழையும்போது வேகம் பிடித்து, எதிர்ச்சுவரை முட்டி, பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அந்த வேகத்தில் ஒரு மைக்ரானுக்குச் சற்றுக் கீழே உள்ள துளிகள்கூடத் திரும்ப முடியாமல் துணியில் பதிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, கீழே வடிந்துவிடுகின்றன. கார் அளவுக்கு இதுதான் நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. கனரக டீசல் லாரிகளில் இன்னும் ஒரு படி மேலே போய், அடுக்கி வைத்த கூம்புத் தகடுகளை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழற்றிப் பிரிக்கிறார்கள். பிரமாதமாக வேலை செய்யும், ஆனால் காரில் அதற்கு இடமும் இல்லை, செலவும் கட்டுப்படியாகாது.

அழுத்தம் என்னும் விலை

துளையைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் வேகம் கூடும், துளியும் நன்றாக மாட்டும். அப்படிச் செய்ய முடியாததற்குக் காரணம் அழுத்த இழப்பு. துளையில் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்த இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். கிராங்க் கேஸில் அழுத்தம் வெளிக்காற்றை விடச் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும். பொதுவாகச் சில மில்லிபார் முதல் இருபது சொச்சம் மில்லிபார் வரை குறைவாக வைப்பார்கள். அதற்கு மேல் இழுத்தால் சீல்கள் வழியே வெளித்தூசி உள்ளே வரும். அழுத்தம் வெளிக்காற்றைத் தாண்டினால் ஆயில் கசியும்.

முழு லோடில் புளோபை உச்சத்தில் இருக்கும்போதுதான் மேனிஃபோல்டு வேக்கம் இருக்காது. டர்போவுக்கு முன்னால் கிடைப்பது ஏர் ஃபில்டர் உண்டாக்கும் சிறு வேக்கம் மட்டுமே, அதுவும் சில பத்து மில்லிபார். பிரிப்பான் தன் வேலைக்குச் செலவழிக்கக்கூடிய கையிருப்பு அவ்வளவுதான். அதனால்தான் நல்ல பிரிப்பான்களில் ஸ்பிரிங் வைத்த கதவு ஒன்று இருக்கும். வாயு கூடும்போது கூடுதல் துளைகளைத் திறந்துவிடும்.

பிடித்த ஆயிலைத் திரும்ப, இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்கு இறக்குவதும் சும்மா நடந்துவிடாது. பிரிப்பானுக்குள் அழுத்தம் சம்பை விடக் குறைவு என்பதால் ஆயில் தானாகக் கீழே போகாது, சம்பிலிருந்து மேலேதான் ஏறப் பார்க்கும். 25 மில்லிபார் வித்தியாசம் இருந்தால், அதை எதிர்த்து நிற்க ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஆயில் தேங்கியிருக்க வேண்டும். அந்த உயரம் இன்ஜினில் கிடைக்காவிட்டால் ஒருவழி வால்வு வைத்து, இன்ஜினை நிறுத்தியதும் மொத்தமாக வடிய விடுகிறார்கள். இந்த வடிகுழாய் சேற்றால் அடைபட்டால் பிரிப்பான் நிரம்பி, ஆயில் அப்படியே இன்டேக்குக்குள் போய்விடும். சைலன்சரில் திடீரென்று நீலப்புகை வரும். டீசல் இன்ஜினில் இது ஆபத்து: அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் இன்ஜின் ஓட ஆரம்பித்துவிடலாம்.

கேட்ச் கேன் போடலாமா?

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிசிவி வால்வுக்கும் இன்டேக்குக்கும் நடுவே ஒரு அலுமினிய டப்பாவைச் சேர்த்துவிட்டால், அதில் ஆயில் தேங்கிவிடும், இன்டேக் சுத்தமாக இருக்கும் என்பது எண்ணம். எண்ணம் சரிதான். ஆனால் உள்ளே தடுப்போ இழையோ இல்லாத வெறும் டப்பாவை வாங்குவது வீண். வாயு ஒரு குழாயில் நுழைந்து மறு குழாயில் அப்படியே போய்விடும். பெரிய துளிகள் மட்டும் தங்கும். அவற்றைக் காரின் சொந்தப் பிரிப்பானே பிடித்திருக்கும். இழைக்குப் பதிலாகச் சாதாரண இரும்பு நார்ச் சுருளைத் திணிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டப்பாவில் சேரும் தண்ணீரில் அது துருப்பிடித்து, உதிரும் துகள்கள் நேரே சிலிண்டருக்குப் போகும்.

சில வாரங்கள் ஓட்டிய பிறகு கேனைத் திறந்தால் பால் கலந்த காபி நிறத்தில், பெட்ரோல் நெடியோடு ஒரு திரவம் இருக்கும். இத்தனை ஆயிலா உள்ளே போய்க்கொண்டிருந்தது என்று நினைப்போம். அதைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒரு நாள் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் பிரியும், மேலே பெட்ரோல் கலந்து நீர்த்துப்போன ஆயில் நிற்கும். குளிர்காலத்திலும், குறைந்த தூரமே ஓடும் வண்டிகளிலும் பாதிக்கு மேல் தண்ணீராகவே இருக்கும். கேன் இன்ஜினை விடக் குளிர்ந்த இடத்தில் இருப்பதால், மற்றபடி ஆவியாக எரிந்து போயிருக்கக்கூடிய நீரும் பெட்ரோலும் அங்கே குளிர்ந்து திரவமாகித் தேங்குகின்றன. ஆகவே எத்தனை மில்லி சேர்ந்தது என்பதை வைத்துக் கேனின் தரத்தைச் சொல்ல முடியாது. சேர்ந்ததைத் திரும்ப இன்ஜினில் ஊற்றுவது பெரும் தவறு. பழைய ஆயிலைக் கொடுக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

நான் பார்க்கச் சொல்வது வேறொன்று: கேன் மாட்டிய பிறகு கிராங்க் கேஸ் அழுத்தம் மாறியதா? நீளமான ஹோஸ், குறுகிய இணைப்பு, அடர்த்தியான இழை எல்லாம் சேர்ந்து புகையின் வழியை இறுக்கினால், வால்வில் கரி படிவதைத் தடுக்கப் போய் சீலை இழக்க நேரும். உறைபனி விழும் இடங்களில் கேனில் தேங்கிய தண்ணீர் உறைந்து வழியையே அடைத்துவிடும். வேக்கத்தில் ஒடுங்கிவிடும் மெல்லிய ஹோஸும் இதே கேட்டைத்தான் செய்யும். இன்னொன்று, கேனின் வெளிவழியை இன்டேக்கில் சேர்க்காமல் சிறு ஃபில்டர் மாட்டிக் காற்றில் விட்டுவிடுவது. 1961-க்கு முந்தைய தொங்கும் குழாய்க்கே திரும்பிப் போவதுதான் அது. மாசு வெளியேறும், பொதுச் சாலையில் ஓடும் கார்களுக்குப் பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி அது கூடாது, கிராங்க் கேஸை இழுத்துக்கொண்டிருந்த வேக்கமும் போய்விடும், நீராவி ஆயிலிலேயே தங்கும்.

ஒழுங்கான கேனும் வால்வில் படியும் கரியை முழுவதும் நிறுத்திவிடாது. வால்வு கைடு வழியாக இறங்கும் ஆயிலும், இன்டேக்குக்குப் பின்வாங்கி வரும் எரிந்த வாயுவும் அவற்றின் பங்கைச் செய்துகொண்டேதான் இருக்கும்.

காரோடு வந்த அமைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. அழுத்தத்தைச் சீராக்கும் ரப்பர் டயஃப்ரம் காலப்போக்கில் கிழியும். கிழிந்தால் மேனிஃபோல்டு வேக்கம் முழுவதும் கிராங்க் கேஸை இழுக்கும்: ஐட்லிங்கில் விசில் போன்ற சத்தம் வரும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்க முடியாதபடி அது இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், கணக்கில் வராத காற்று உள்ளே போவதால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பி0171 போன்ற லீன் கோடு இன்ஜின் கம்ப்யூட்டரில் விழும். இதற்கு நேர்மாறாக, மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வெளியே தள்ளினால் வழி அடைத்திருக்க வேண்டும், அல்லது ரிங் தேய்ந்திருக்க வேண்டும். மூடி சாதாரணமாகத் திறக்கிறது என்றால் இன்னும் துல்லியமாக அளந்துவிடலாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்துப் பாதி தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் புகாமல் மாட்டுங்கள். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது ஏறக்குறைய ஒரு மில்லிபார். தண்ணீர் இன்ஜின் பக்கமாகச் சில சென்டிமீட்டர் ஏறி நின்றால் நல்லது. வெளிப்பக்கம் தள்ளப்பட்டால் எங்கோ அடைப்பு. டயஃப்ரம் மேல் சந்தேகம் இருந்தால் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், தண்ணீர் இன்ஜினுக்குள் இழுபட்டுவிடும்.

பிறகு, பனியே குறைவாக எழும்படி பார்த்துக்கொள்ளலாம். ஆயிலை 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று அளக்கும் நோவாக் சோதனை உண்டு. ஆயில் டப்பாவில் போட்டிருக்கும் தரங்களில், ஐரோப்பிய ஏசிஇஏ ஏ3/பி4 தரம் 13 சதவீதம் வரையும், ஐஎல்எஸ்ஏசி தரங்கள் 15 சதவீதம் வரையும் அனுமதிக்கின்றன. கார் கம்பெனி சொன்ன தரத்துக்குள்ளேயே நோவாக் எண் குறைவான ஆயிலைத் தேர்ந்தெடுத்தால், சூட்டில் ஆவியாகிப் பிறக்கும் அந்தப் பிடிபடாத சிறு துளிகள் குறையும். ஆயில் அளவும் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் அதை அடித்துக் கலக்கி, எந்தப் பிரிப்பானும் சமாளிக்க முடியாத அளவுக்குப் பனியாக்கிவிடும்.